பிள்ளைப்பேற்றுக்கு ஒரு புத்தகம்

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது நாங்கள் மாத்தளைப் பக்கம் நாவுலவில் வாடகை வீட்டில் இருந்தோம். கணவருக்கு விவசாயக் கந்தோரில் வேலை. காலையில் சைக்கிளை எடுத்தால் வயல் வயலாகச் சுற்றிவிட்டுப் பொழுது சாயத்தான் வருவார். ஞாயிறுக்குப் பதிலாக, நிலவைக் கணக்கிட்டு வரும் போயா நாளுக்கு லீவு விட்ட வருஷங்கள் அவை. அந்த லீவிலும் பாதி நாள் களைத்துத் தூங்கிப்போவார். அந்தப் பாதையில் தமிழ் பேசுகிற வீடு எங்களுடையது மட்டுந்தான். தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த எனக்குக் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் சிங்களம் தெரியும். அம்மா என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். மாமியாரும் இல்லை. வயிற்றுக்குள் ஏதோ நெளியும்போது இது சரியா, பிழையா என்று கேட்க ஒரு பெண் கிடையாது.

புத்தகத்திலாவது பார்க்கலாம் என்று நினைத்தேன். மாதம் ஒருமுறை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போவேன். அப்படிப் போன ஒரு நாள் புத்தகக்கடைக்குள் நுழைந்தேன். நாலைந்து ஆண்கள் பேப்பர் புரட்டிக்கொண்டு நின்றார்கள்.

“என்ன வேணும் தங்கச்சி?” என்றார் கடைக்காரர்.

“சமையல் புத்தகம் இருக்குங்களா?” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஊறுகாய் போடுவதைப் பற்றி ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்மேலேயே கோபம்.

அடுத்த மாதம் எதிர்ப்பக்கம் நின்று, கடையில் ஆள் குறைந்த பிறகு போனேன். “பிள்ளை பெறப்போறவங்க வாசிக்கிற மாதிரி ஏதாச்சும் இருக்குங்களா?”

கடைக்காரர் என் வயிற்றைப் பார்க்கவில்லை. மேல் தட்டிலிருந்து மூன்றை இறக்கி வைத்தார். “ஆறுதலாப் பாருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒன்றில் ஆண்பிள்ளை பிறக்க என்ன தின்ன வேண்டும் என்று இருந்தது. மூடிவைத்தேன். இரண்டாவதில் என்னென்ன கோளாறு வரலாம் என்று படங்களோடு போட்டிருந்தார்கள். இரண்டு பக்கத்தோடு அதையும் மூடிவைத்தேன். மூன்றாவது ஒரு டாக்டரம்மா எழுதியது. நடுவில் திறந்தபோது, முதல் பிள்ளைக்குப் பயம் வருவது சகஜம் என்று அவர் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. அந்த ஒரு வரிக்காக அதை எடுத்தேன்.

வீட்டில் உட்கார்ந்து வாசித்தபோதுதான் அது பெண்கள் நிறைந்த வீட்டுக்கு எழுதிய புத்தகம் என்று தெரிந்தது. முதுகு வலித்தால் அக்காவைத் தேய்த்துவிடச் சொல்லவேண்டும். பிள்ளையைக் குளிப்பாட்டுவதை அம்மா காட்டித் தருவார். பென்சில் எடுத்து அந்த வரிகளை ஒவ்வொன்றாக வெட்டினேன்.

கணவர் ஒரு நாள் அதைப் புரட்டிப் பார்த்தார். “புத்தகத்த ஏன் இப்படிக் கிறுக்கி வச்சிருக்க?”

“நம்ம வீட்டில இல்லாத ஆளுங்கள வெட்டிட்டேங்க.”

அவர் புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்தார். இரண்டு நாள் கழித்து எண்ணெய்ப் போத்தலோடு வந்து நின்றார். எப்படித் தேய்ப்பதென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எண்ணெய் பாயெல்லாம் வழிந்ததுதான் மிச்சம்.

மாத்தளை ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு பகலானால் எனக்கு அழுகை வரத் தொடங்கியது. பிள்ளைக்குப் பால் இருந்தது, சுகமாக இருந்தாள். ஆனாலும் அழுதேன். புத்தகத்தில் தொப்புள், காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் இருந்தன. தாய் பூரித்துப்போவாள் என்றும் இருந்தது. அழுவாள் என்று எங்கேயும் இல்லை. உலகத்தில் நான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளையை நிறுக்க அரசாங்க மருத்துவிச்சி வந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்த சிங்களப் பெண். தோட்டங்களில் வேலை செய்ததால் தமிழ் பேசுவாள்.

“அழுதீங்களா?” என்றாள்.

“அடுப்புப் புகை.”

அவள் குசினியை எட்டிப் பார்த்தாள். அடுப்பு மூட்டியிருக்கவில்லை. குடையை மடக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “மூத்தவன் பொறந்து ஒரு மாசம் நானும் அழுதேன். கிணத்தடியில போய் அழுவேன். எத்தனை பேருக்குப் பிள்ளை எடுத்திருக்கேன், எனக்கு ஏன்னு எனக்கே தெரியல்ல.”

“எப்ப நின்னுச்சு?”

“நின்ன நாள் தெரியாது. ஒரு நாள் யோசிச்சா, நாலு நாளா அழல்ல.”

அவள் போனதும் அதைப் புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் அப்படியே எழுதிவைத்தேன். பிறகு அதிகம் வாசித்தது அந்தப் பக்கத்தைத்தான். இன்னும் இரண்டு முறை வந்தாள். அப்புறம் கலேவெலப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அடுத்து வந்தவள் வாசலில் நின்றே பிள்ளையின் நிறை பார்த்துவிட்டுப் போனாள்.

அவள் சொன்னது போலவே அழுகை நின்றது. தனிமை நிற்கவில்லை. நாலாம் மாதம் ஒரு பகலில் மகள் புரண்டு குப்புற விழுந்து, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். தூக்கிக்கொண்டு வேலியடிக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு அம்மா மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். புரண்டாள் என்பதற்குச் சிங்களச் சொல் வரவில்லை. கையைத் திருப்பிக் காட்டினேன். கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள் என்று நினைத்து அவர் பதறிப்போய்ப் பிள்ளையின் தலையைத் தடவிப் பார்த்தார். விழவில்லை என்று விளங்கப்படுத்தவும் சொல் இல்லாமல் சிரித்துவிட்டுத் திரும்பினேன்.

பொழுது சாய்ந்து கணவர் வந்ததும் பிள்ளையைப் பாயில் கிடத்தி இரண்டு பேரும் காத்திருந்தோம். அவள் கையைச் சூப்பிக்கொண்டு கிடந்தாள்.

“நாளைக்குப் பாப்பமே” என்று அவர் கை கழுவப் போனார்.

மறுநாளும் அவர் இல்லாத பகலில்தான் புரண்டாள்.