வலையா, குஞ்சா?

என் வீட்டுக்காரர் புத்தளம் பக்கம் ஓர் இறால் பண்ணையில் குளங்களைப் பார்த்துக்கொள்கிறார். நான் பேராதனையில் ஓர் ஆய்வுகூடத்தில் இறாலுக்கு வரும் நோயைப் பார்க்கிறேன். அவர் கையில் உயிரோடு இருப்பது என் கைக்கு ஐஸில் வருகிறது. கல்யாணமான புதிதில் இதைச் சொல்லிச் சிரித்தோம். பிறகு அவர் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வருபவராகிவிட்டார். வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் கலஹா பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால்கூட எனக்குச் சந்தோஷமில்லை.

போன வருஷம் அவருடைய பண்ணையிலேயே நோய் வந்தது. ஒரு குளத்தில் தொடங்கி மற்றக் குளங்களிலும் இறால் செத்தது. முதலாளி இவரைப் பிடித்துக்கொண்டார். ஒரு குளத்து வலையைக் கழுவாமல் இன்னொன்றில் போட்டதால்தான் பரவியது, அது நிரூபணமானால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்.

"நான் கழுவாம போட்டதே இல்ல" என்று இவர் போனில் கத்தினார்.

மாதிரிகள் எங்களிடம்தான் வந்தன. கண்டி பஸ்ஸில் ஏற்றிவிட்ட ஐஸ் நிரப்பிய ரெஜிபோம் பெட்டியை நான்தான் போய் இறக்கினேன். பெட்டி வந்த பஸ்ஸில் ஆளும் வந்திருக்கக் கூடாதா என்று எரிச்சலாக இருந்தது. உள்ளே நோய்ப்பட்ட இறால், குஞ்சு விடுமுன்பே எடுத்து வைத்திருந்த முதல் குளத்துச் சேறு, எல்லாக் குளங்களுக்குமாக விலைக்கு வாங்கிய இறால் குஞ்சுகளில் விடாமல் வைத்திருந்த மிச்சம். என் புருஷன் விஷயம் இது என்று ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான மெடத்திடம் சொன்னேன். அவர் மாதிரிகளில் இருந்த பெயர்களை எடுத்துவிட்டு எண் போட்டுத் தந்தார். எது எதுவென்று அவருக்கு மட்டும் தெரியும்.

பக்டீரியாவைத் தனியாக வளர்த்து, அதன் மரபணுவை எடுத்து ஜெல்லில் ஓடவிட்டால் கோடு கோடாக விழும். ஒரே வகை என்றால் கோடுகள் ஒரே மாதிரி நிற்கும். நோய் இறாலின் கோடு சேற்றோடு பொருந்தினால், பண்ணைக்குள் இருந்த கிருமியை வலைதான் பரப்பியிருக்கும். குஞ்சோடு பொருந்தினால், குஞ்சு விற்ற இடத்திலிருந்தே வந்தது. இவர் மேல் பழியில்லை.

சேறாக இருக்கட்டும் என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. பழி வரட்டும், வேலை போகட்டும், மனுஷன் வீட்டுக்கு வரட்டும். இங்கே தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டியாவது பிழைத்துக்கொள்ளலாம். இவளெல்லாம் என்ன பெண்டாட்டி என்று கேட்பீர்கள். தினமும் தனியாகச் சோறு போட்டுத் தின்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

மெடம் எண்களைப் பிரித்துச் சொன்னார். எல்லாக் குளத்து இறாலும் குஞ்சும் ஒரே கோடு, சேறு வேறு. அனுமதி கேட்டு இன்னொரு தடவை ஓட்டினேன். அப்படியேதான் வந்தது.

பின்னேரம் அவருக்குப் போனில் கோல் எடுத்தேன்.

"குஞ்சுதாங்க. ஒங்க மேல ஒண்ணுமில்ல."

"தெரியும். மெடம் முதலாளிகிட்ட பேசிட்டாங்க. பக்கத்துப் பண்ணையவும் என்னையே பாக்கச் சொல்றாரு."

"நல்லதுதானே" என்றேன்.

"நல்லதுதான். வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு உடுப்பெல்லாம் பேக்குல அடுக்கி வச்சிருந்தேன். ஒருவகையில சந்தோஷமாத்தான் அடுக்கினேன், புள்ள."

"அப்ப அப்புடியே வந்திருங்க."

"எம் மேல ஒரு பழியும் இல்லன்னு ஆயிருச்சு. இனி என்னன்னு சொல்லிட்டு வேலய விட்டு வர்றது?"

வாங்க, வாங்க என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.