சரஸ்வதி பூசைக்குப் போன கதைக்கட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருசம் தயங்கினேன். எழுதினால் ஒரு நல்ல மனுசி சொன்ன வார்த்தை பொய் என்றாகிவிடுமே என்ற பயம். இந்த நவராத்திரியில் விளக்கேற்றி, அம்மனிடம் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரன் கட்டிய கல் பங்களா ஒன்று இருக்கிறது. இன்று அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். காரணம், அதில் வாழ்ந்த துரைசாணி, எங்கள் தோட்டத்துத் துரையின் அக்கா. கல்யாணம் கட்டாதவர்; இங்கிலீசில் கதை எழுதி உலகமெல்லாம் பேர் வாங்கியவர். விடியுமுன்பே எழுந்து ஜன்னலோர மேசையில் உட்கார்ந்துவிடுவார். கொழுந்துக்குப் போகும் பெண்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்து, "நமக்கு முந்தியே அந்தம்மா வேலைக்கு எறங்கிட்டாங்கடி" என்று சிரிப்பார்கள்.

அம்மா அங்கே கூட்டிப் பெருக்குவார். மலையில் விழுந்து முழங்கால் போனதால் அவரால் கொழுந்தெடுக்க முடியாது. அப்பாவும் இல்லை. பங்களா வேலை போனால், தோட்டத்து வரிசைவீடான லயத்தில் நாங்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பராவும் போய்விடும்.

எனக்கு அப்போது எட்டு வயது. சரஸ்வதி பூசையன்று அம்மாவோடு பங்களாவுக்குப் போனேன். அன்று எங்கள் லயத்தில் யாரும் புத்தகத்தைத் தொடமாட்டோம். எல்லாவற்றையும் கோவிலில் அடுக்கிவிட்டு, மறுநாள் பூசை முடிந்துதான் எடுப்போம். துரைசாணியின் மேசையில் நாடா கட்டிய பெரிய காகிதக்கட்டு ஒன்று இருந்தது. இவ்வளவு எழுதியவருக்குக் கொண்டுபோய்ப் பூசையில் வைக்க ஒரு பிள்ளை இல்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. பாவாடையில் சுற்றிக்கொண்டு ஒரே ஓட்டம்.

"தொரசாணி குடுத்தாங்களா?" என்று பூசாரி மாமா கேட்டார். தலையை ஆட்டினேன். அவர் கட்டின்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்து, எனக்கும் கொஞ்சம் கொடுத்தார். என் கணக்குப் புத்தகத்துக்குப் பக்கத்தில் அந்தக் கட்டு உட்கார்ந்திருந்தது எனக்குப் பெருமை.

திரும்பி வந்தால் பங்களா வாசலில் ஒரு கார். அந்தக் காகிதக்கட்டை அச்சுக்கு வாங்கிப்போகக் கொழும்பிலிருந்து ஆள் வந்திருந்தார். அந்தக் கதைக்கு வேறு பிரதி கிடையாதாம். துரைசாணியின் தம்பி அம்மாவை நிற்கவைத்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"அறையக் கூட்டினது நீதானே? அடுப்பு பத்தவைக்க எடுத்தியா?"

"சத்தியமா நான் தொடலீங்க, தொரை."

"இன்னையோட ஒனக்கு இங்க வேல இல்ல. காம்பராவையும் காலி பண்ணு!"

துரைசாணி முகம் வெளுத்துப் படியில் நின்றார். நான் போய் அவர் சேலையைப் பிடித்து இழுத்து, "சாமிகிட்ட இருக்குங்க. நாளைக்குத்தான் எடுக்கணும்" என்றேன் மெதுவாக. அவர் குனிந்து என் விரலில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "நாந்தான் பூசைக்குக் குடுத்தனுப்பினேன். மறந்தே போச்சு. கார் நாளைக்கு வரட்டும்."

மறுநாள் துரைசாணி செருப்பைக் கழற்றிவிட்டுக் கோவிலுக்குள் வந்து, ஏடு தொடக்கும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். பூசாரி மாமா அவருக்கும் அரிசித் தட்டை நீட்டினார். அவர் தமிழ் பேசுவாரே தவிர எழுத மாட்டார். நான்தான் விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்தேன்.

"என்னங்க இது, பூசணிக்கொடி மாதிரி போகுது?" என்றேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

எனக்கோ உள்ளுக்குள் அவர்மேல் கோபம். பூசை நாளில் பொய் சொல்லலாமா? வீட்டுக்கு வந்து, "அவங்க குடுக்கலம்மா, நான்தான்…" என்று தொடங்கியதும் அம்மா என் வாயைப் பொத்தினார். அவர் கண்ணெல்லாம் தண்ணீர். ஏன் என்று விளங்கவில்லை. துரைசாணிக்காக நானே சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பூசாரி மாமாவிடம் நான் தலையாட்டியது எனக்கு ஞாபகமே வரவில்லை.

அம்மா கண் மூடும்வரை அந்த வேலையிலும் அந்தக் காம்பராவிலும்தான் இருந்தார். துரைசாணியும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன மாதம் மகளோடு பங்களாவுக்குப் போனேன். அச்சாகித் திரும்பிவந்த அந்தக் கட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். முதல் தாளில் குங்குமக் கறை. "அவங்களே பக்தியா பூசைக்கு அனுப்பினது" என்றார் சுற்றிக் காட்டியவர். நான் கைகூப்பிவிட்டு வந்துவிட்டேன்.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். முக்கியமாக, அவர் சொன்ன பொய்யை விட்டுவிடாதீர்கள். எட்டு வயதில் அதற்குத்தான் மன்னிப்புக் கேட்டேன். இன்று விளக்கேற்றும்போது கும்பிடுவதும் அதைத்தான்.