மச்சாளும் நானும் ஒளித்துப் போன நேர்முகம்

வைத்தியசாலையின் மேல்மாடியில், காத்திருப்பவர்கள் உட்கார நீளமான ஒரு மரவாங்கு. அதன் மறு அந்தத்தில் நீலச் சேலை கட்டி, மடியில் சான்றிதழ்க் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு என் மச்சாள் இருந்தார். மச்சாள் என்றால் என் அண்ணாவின் மனைவி. அன்று காலை, அச்சுவேலியில் தாய்வீட்டுக்குப் போவதாகச் சொல்லி ஸ்கூட்டரில் புறப்பட்டவர். நானோ பல்லுக்கொதி, பல் வைத்தியரிடம் காட்டவேண்டும் என்று சொல்லி உரும்பிராயில் பஸ் ஏறியவள். ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தோம். இருவரும் வந்தது ஒரே நேர்முகத்துக்கு; பதிவுப் பிரிவில் இருந்ததோ ஒரேயொரு வேலை.

எங்கள் பக்கத்தில் நேர்முகப் பரீட்சைக்குப் போகிறவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை மூச்சும் விடக்கூடாது; விட்டால் ஊரார் வாயில் விழுந்து நாவூறு பட்டுவிடும். எனக்கு ஏற்கெனவே மூன்று நேர்முகங்கள் கைநழுவியிருந்தன. ஐந்து வருடம் வேலை பார்த்த மருந்துக்கடையையும் மூடிவிட்டார்கள். இதுவும் சரிவராவிட்டால் கொழும்பில் சித்தப்பாவின் கடைக்குப் போவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. எனக்கு வீட்டை விட்டுப் போக விருப்பமே இல்லை. அதனால் இந்த முறை அம்மாவிடமும் சொல்லவில்லை.

அதற்கு முந்திய இரண்டு வாரமும் மச்சாளும் நானும் குசினியில் ஆங்கிலம் பேசிப் பழகினோம். இணையவழி வகுப்பில் எனக்கு ஒரு சோதனை இருக்கிறது என்று நான் கதை விட்டிருந்தேன். மச்சாள் தேங்காய் திருவிக்கொண்டே கேள்வி கேட்பார். பிறகு, இப்போது என்னைக் கேளும் என்பார். முன்பு பார்த்த வேலையை ஏன் விட்டீர்கள், கோபத்தோடு வருகிறவரை எப்படிச் சமாளிப்பீர்கள் என்றெல்லாம் கேட்டார். எந்த வகுப்புச் சோதனையில் இப்படிக் கேட்பார்கள் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. சொந்தப் போட்டியாளரையே வைத்துப் பயிற்சி எடுத்திருக்கிறோம், இருவரும்.

மச்சாளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். பத்து நிமிடத்தில் வெளியே வந்தார். முகத்தில் வியர்வை. என் அருகில் இருந்து தண்ணீர் குடித்தார். என்ன கேட்டார்கள் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான்.  போத்தலின் மூடியைத் திருகிப் பூட்டினார், திறந்தார், மறுபடி பூட்டினார்.

"கொம்பியூட்டர் எப்பிடி எண்டு கேட்டாங்கள். ஏதோ கொஞ்சம் தெரியும் எண்டு வாய் தவறிச் சொல்லிப்போட்டன். அதோடை மற்றக் கேள்விக்குப் போயிட்டாங்கள். நீர் அப்பிடிச் சொல்லாதையும். செய்ததை அப்பிடியே சொல்லும்."

ஊரில் பாதிப் பேரின் விண்ணப்பங்களைக் கணினியில் நிரப்பிக் கொடுப்பவர் மச்சாள். ஆனால் எங்கள் வீடுகளில் தன்னைத் தானே புகழ்ந்து எவரும் பேசிப் பழக்கமில்லை. விருந்துக்கு எட்டுக் கறி சமைத்தவரும், ஏதோ வைத்திருக்கிறது, சாப்பிடுங்கோ என்றுதான் சொல்வார். அந்தப் பணிவு அங்கே அவரைக் கவிழ்த்துவிட்டது.

என்னையும் அதையேதான் கேட்டார்கள். கொஞ்சம் தெரியும் என்பது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, மருந்துக்கடையில் பதிவெல்லாம் நான்தான் செய்தேன், மின்சாரம் நின்றால் கையால் எழுதி வைத்துப் பிறகு கணினியில் ஏற்றுவேன், அதில் ஒன்றும் தவறிப்போனதில்லை என்றேன். பெருமையடிப்பது போலிருந்தது, வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. நேர்முகம் எடுத்தவர்களில் நடுவில் இருந்த பெண்மணி பேனையை வைத்துவிட்டு, மின்சாரம் வந்ததும் எந்த ஒழுங்கில் ஏற்றுவீர்கள் என்று கேட்டார். அதையும் விளக்கினேன்.

ஸ்கூட்டரில் ஒன்றாகவே வீடு திரும்பினோம். அம்மா பல்லைப் பற்றிக் கேட்டபோது மச்சாள் சிரிப்பை அடக்கமாட்டாமல் கிணற்றடிக்குப் போய்விட்டார். மூன்று வாரம் கழித்து எனக்குக் கடிதம் வந்தது. அதை வாசித்தபோது மச்சாளின் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு அவரே போய் அம்மாவிடம் சொன்னார்.

இப்போது அந்தப் பிரிவில் எனக்கு நான்காவது வருடம். மச்சாளுக்கும் மறுவருடமே நகரத்தில் வேறொரு வேலை கிடைத்தது. காலையில் ஒரே ஸ்கூட்டரில்தான் போகிறோம். என்னை இறக்கிவிட்டு அவர் அப்பால் போவார். அவருக்கு இருக்கிற பெரிய மனம் எனக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். அவரை எனக்கு அவ்வளவு பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

போன மாதம் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றபோது, சும்மா கேட்பது போலக் கேட்டார்.

"அண்டைக்கு நேர்முகத்திலை உம்மை முதல் கூப்பிட்டிருந்தால், என்ன கேட்டாங்கள் எண்டு எனக்குச் சொல்லியிருப்பீரோ?"

"ஓம்" என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

மச்சாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் கையிலிருந்த ஈரச் சேலையின் மறு தலைப்பைப் பிடித்து உதறினார்.