துணி கருகுதா?

எங்கள் குழு அவரைத் தேடிப் போகவில்லை. ஒரு வெள்ளைத் துணியைத் தேடிப் போனது. படம் எடுத்து முடித்தாயிற்று, திரையிட இடமும் கிடைத்தாயிற்று, திரை மட்டும் இல்லை. தையல் கம்பெனி முதலாளிதான், "உள்ள கட்டிங் மாஸ்டர் இருப்பாரு, அவர்கிட்ட கேளுங்க. படத்தையும் இங்கயே போடுங்க, நம்ம ஆளுங்களும் பாக்கட்டும்" என்று அனுப்பிவைத்தார்.

உள்ளே நீள மேசையில் துணியை அடுக்கடுக்காய் விரித்து, மின்சாரக் கத்தியை ஓட்டிக்கொண்டிருந்த ஒல்லியான மனிதர் நிமிர்ந்து பார்த்தார். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது.

"என்ன படம்?"

"வலிப்பு பத்தின படம், மாஸ்டர். நம்ம ஆளுங்களே நடிச்சு, நம்ம பேச்சுலயே எடுத்தது."

கத்தியின் ரீங்காரம் நின்றுவிட்டது. அவர் சுவிட்சை அணைத்திருந்தார். "எவ்வளவு அகலம் வேணும்?" என்று மட்டும் கேட்டார். வேலையைக் கெடுத்துவிட்டோம் என்ற எரிச்சல் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அது பயம். அந்தப் பயத்தின் கதையை அவரே பின்னால் சொன்னார், அவர் மனைவி நடுநடுவே திருத்தினார். கேட்டபடி எழுதியிருக்கிறது.

மாஸ்டருக்கு வலிப்பு இருந்தது. கம்பெனியில் அது ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. முதல்முறை வந்தது வீட்டில், காலையில் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தபோது. மனைவி பதறிப்போய், நாக்கைக் கடித்துக்கொள்ளப் போகிறாரே என்று வாயில் கரண்டியைத் திணித்தார். பல் உடைந்தது அப்போதுதான். கம்பெனியில் கேட்டவர்களிடம், "நூலைக் கடிச்சுக் கடிச்சுப் போயிடுச்சு" என்று சொல்லிவைத்தார். தையல் வேலைக்காரர் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச முடியாத பொய்.

மாத்திரை வாங்க வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனார். துணியில் கோடு போடும் சாக்குக்கட்டி டப்பாவுக்குள், கட்டிகளுக்கு அடியில் மாத்திரை இருந்தது. டாக்டர், "கத்தி, நெருப்பு, உயரம், இந்த மூணு பக்கமும் போகாதீங்க. என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டபோது, "துணிக்கடையில சார்" என்று சொல்லிவிட்டு வந்தார். டாக்டர் சொன்னதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஒருமுறை பித்தான் தைக்கும் பெண் ஒருத்தி வேலை நேரத்தில் மயங்கி விழுந்தாள். காலையில் சாப்பிடாமல் வந்திருந்தாள், அவ்வளவுதான். ஆனால் யாரோ ஒருவர் "வலிப்புடா, தொடாதீங்க, ஒட்டிக்கும்" என்று சொல்ல, கூட்டமே வட்டமாக விலகி நின்றது. மறுநாள் அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். விலகி நின்ற வட்டத்தில் மாஸ்டரும் நின்றார். எல்லாரையும்விட ஓர் அடி பின்னால்.

பயம் விழுவதைப் பற்றி மட்டும் இல்லை. விழுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு வாசனை வரும். துணி கருகும் வாசனை. சூடான இஸ்திரிப் பெட்டியைப் பருத்தித் துணிமேல் மறந்துவிட்டால் வருமே, அதே வாசனை. வேறு யாருக்கும் வராது, அவர் மூக்குக்கு மட்டும் வரும். மாத்திரை சாப்பிடத் தொடங்கிய பிறகு விழுவது நின்றுபோனது. வாசனை மட்டும் எப்போதாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

ஆனால் அவர் வேலை பார்த்த இடத்தில் நாள் முழுக்க இஸ்திரி நடந்தது. அங்கே துணி உண்மையாகவே கருகும். மூக்கில் வாசனை ஏறியதும், இது பெட்டியிலிருந்து வருகிறதா, தலைக்குள்ளிருந்து வருகிறதா என்று அவருக்குத் தெரியாது. கையில் கத்தி ஓடிக்கொண்டிருக்கும். அதனால் கேட்பார்:

"துணி கருகுதா?"

"ஆமா மாஸ்டர்" என்று பதில் வந்தால் உயிர் திரும்பி வரும். "இல்லையே" என்றால் கத்தியை அணைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய், கதவைத் தாழிடாமல் சாத்திக்கொண்டு, வாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிடுவார். வந்தால் இங்கேயே வரட்டும். வராது. முகம் கழுவிக்கொண்டு திரும்பிவிடுவார்.

கம்பெனிக்கு இது ஒரு வேடிக்கையாகிப்போனது. இஸ்திரி போடுகிறவருக்கு நீராவி என்று பட்டப்பெயர். வாய் மூடாத ஆள்.

"துணி கருகுதா?"

"துணி கருகல மாஸ்டர், என் வயிறுதான் கருகுது. சோத்து மணி அடிக்கச் சொல்லுங்க."

இல்லாவிட்டால், "மாஸ்டர் மூக்குக்கு ஒரு தனிச் சம்பளம் போடணும் முதலாளி, அதுவும் வேலை பாக்குது" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். மாஸ்டரும் சிரித்துக்கொண்டே நிற்பார், கருகுகிறதா இல்லையா என்று தெரியாமல்.

படம் போடும் நாள் காலையில் மனைவி கேட்டார். "நீங்க அந்தப் படத்துக்குப் போய்த்தான் ஆகணுமா?"

"போகலைன்னா ஏன் வரலைன்னு கேப்பாங்க."

"தலைவலின்னு சொல்லிடுங்க."

"தலைன்னு ஆரம்பிச்சாலே வம்பு. நீயும் வா. தெருவே வருது, நீ மட்டும் வரலைன்னா நல்லாவா இருக்கும்?"

மனைவி எதையோ சொல்ல வாயெடுத்து, அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்துபோனார். அடுப்பில் பாலே இல்லை.

வேலை முடிந்து, வெளிச்சம் இருக்கும்போதே ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். மாஸ்டர் வெட்டிக் கொடுத்த வெள்ளைத் துணி சுவரை அடைத்துக்கொண்டு தொங்கியது. நடுவில் ஒரு மடிப்புக் கோடு விழுந்திருந்ததால் கடைசி நிமிஷத்தில் அதைக் கழற்றி நீராவியிடம் கொடுத்து, தேய்த்து மாட்டினார்கள். பிளக்கு ஒன்றைப் பிடுங்கி, அந்த இடத்தை ஒலிபெருக்கிக்குக் கொடுத்தார்கள். பெண்கள் துணி மூட்டைகள் பக்கம், ஆண்கள் மேசைகள் பக்கம். மாஸ்டர் சுவரோரமாய் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார்.

இதற்கு முன்பும் அந்தத் தெருவில் ஒரு வலிப்புப் படம் போட்டிருக்கிறார்கள். ஏதோ இலாகா அனுப்பியது. "நோயாளியைப் பக்கவாட்டு நிலையில் கிடத்துதல் இன்றியமையாதது" என்று ஒரு குரல் வாசித்தது. பட்டம் வாங்கியவனுக்கே ஒருமுறை உள்ளுக்குள் மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஜனம் பாதியில் எழுந்து போய்விட்டது. அதனால்தான் கிளினிக் நர்சக்கா, "நாமளே எடுப்போம், வீட்டுல பேசுற மாதிரி" என்று கிளம்பினார். வீடுவீடாகப் போய்க் கதை கேட்டார். பேரை மாற்றி, தொழிலை மாற்றி, சொன்ன வார்த்தையை மட்டும் மாற்றாமல் எங்களுக்கு எழுதிக்கொடுத்தார்.

படம் தொடங்கியது. கதாநாயகன் பஸ் கண்டக்டர். நடித்தவர் அந்தத் தெருவுக்குக் கடிதம் கொண்டுவரும் தபால்காரர். அவர் விசிலோடு வந்ததுமே கைதட்டல். "சார், எனக்கு லெட்டர் ஏதும் இருக்கா?" என்று நீராவி கத்தினார். மாஸ்டருக்கும் மூச்சு கொஞ்சம் இறங்கியது. கண்டக்டர்தானே. கத்தி இல்லை, துணி இல்லை. நமக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

திரையில் கண்டக்டர் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். சட்டென்று கை நின்றது. மூக்கை உறிஞ்சினார். சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியிடம் கேட்டார்:

"துணி கருகுதா?"

கூடமே சிரித்தது. "டேய், மாஸ்டர் வசனம்டா!" என்று நீராவி மேசையைத் தட்டினார். "படக்காரங்க மாஸ்டர்கிட்ட கேக்காமலே திருடிட்டாங்க." தலைகள் எல்லாம் சுவரோரம் திரும்பின, சிரித்த முகங்களோடு.

மாஸ்டர் அவர்களைப் பார்க்கவில்லை. மூட்டைகள் பக்கம் பார்த்தார். மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். மாஸ்டர் கம்பெனியிலும் இப்படிக் கேட்பார் என்று மனைவிக்கு எப்படித் தெரியும்? அது வீட்டு வார்த்தை, இந்த உலகத்தில் தன் காதில் மட்டும் விழுந்த வார்த்தை என்று நம்பித்தான் நர்சக்காவிடம் சொல்லியிருந்தார்.

அதற்குள் திரையில் கண்டக்டர் விழுந்தார்.

சிரிப்பு அறுந்தது. மாஸ்டர் தன் வலிப்பை ஒருநாளும் பார்த்ததில்லை. பட்டவருக்கு அது தெரியாது. முன்னால் ஒரு வாசனை, பின்னால் ஒரு வலி, நடுவில் ஒன்றுமில்லை. "நான் எப்படி இருப்பேன் அப்போ?" என்று ஒருமுறை மனைவியைக் கேட்டார். "தூங்குற மாதிரிதான் இருப்பீங்க" என்றார் மனைவி. இப்போது பார்த்தார். கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டது. இடது கை மடங்கி அக்குளுக்குள் புகுந்தது. குதிகால் தரையில் அடித்தது, அடித்தது, அடித்தது. இதையா அவள் தனியாக உட்கார்ந்து பார்த்தாள்? இதையா தூக்கம் என்று சொன்னாள்?

அப்போது அவர் மூக்கில் வாசனை ஏறியது.

துணி கருகும் வாசனை. லேசாகத் தொடங்கி, நெற்றிக்குள் ஏறி, கண்ணை நிறைத்தது. கேள்வி வாய்வரை வந்துவிட்டது. கேட்டால் தீர்ந்தது. அந்த வார்த்தை இனி வேடிக்கை இல்லை, அதற்குப் பின்னால் என்ன வரும் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். குளியலறைக்கு எழுந்து போகலாம் என்றால், போகிற வழி திரைக்கு முன்னால். அத்தனை பேர் பார்க்க நடக்க வேண்டும். நடுவழியில் விழுந்தால்? முக்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பல்லைக் கடித்தார். இங்கே வேண்டாம், இவர்கள் முன்னால் வேண்டாம் என்று யாரிடமோ கெஞ்சினார். வாசனை ஏறிக்கொண்டே போனது. இவ்வளவு நேரம் அது ஒருநாளும் நின்றதில்லை. இது பெரியதாக வரப்போகிறது, இதோடு போய்விடுவோம் என்று நினைத்தார்.

"ஐயோ, புகை!" என்றாள் ஒரு பெண்.

இஸ்திரி மேசையிலிருந்து புகை சுருண்டு எழுந்தது. நீராவி திரையைத் தேய்த்த அவசரத்தில் பெட்டியைக் கவிழ்த்தே வைத்துவிட்டார். பிடுங்கியது பெட்டியின் பிளக்கு என்று நினைத்திருந்தார், பிடுங்கியது மின்விசிறியின் பிளக்கு. மேசைமேல் விரித்திருந்த மெத்தை கருகி, பக்கத்தில் இருந்த காலர்த் துணிகளில் நெருப்புப் பிடித்திருந்தது. யாரோ பிளக்கைப் பிடுங்க, யாரோ குடிதண்ணீர் வாளியைத் தூக்கி ஊற்ற, உஸ்ஸென்று அடங்கியது. நெருப்பு துணி மூட்டைகளுக்குப் போயிருந்தால் பெண்கள் பக்கம்தான் முதலில் பிடித்திருக்கும். பாதி இறக்கிய ஷட்டர் வேறு.

நீராவி வந்து மாஸ்டர் முன்னால் நின்றார். கோபம் தன் மேல்தான், ஆனால் வாய் வேறு பக்கம் போனது. "என்ன மாஸ்டர், நாள் பூரா கருகுதா கருகுதான்னு உயிரை எடுப்பீங்க. நிஜமா கருகும்போது பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க. வாசனை வரலியா உங்களுக்கு?"

"வந்துச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

மாஸ்டரின் கை முக்காலியை இன்னும் விடவில்லை. "எந்த வாசனைன்னு தெரியல" என்றார்.

படத்தை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. திரையில் மனைவி கண்டக்டரின் வாயில் திணித்த கரண்டியை உருவ, அவர் கண்விழித்து, "நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நீராவி திரையைப் பார்த்தார். மாஸ்டரின் உடைந்த பல்லைப் பார்த்தார். 

மறுநாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். "இத்தனை வருஷமா கத்தியைக் கையில வச்சுக்கிட்டு என்னை ஏமாத்தினியா?"

"ஆமாங்க."

"எவனாவது கையை அறுத்திருந்தா யாரு பதில் சொல்றது? உன் கையே போயிருந்தா?"

மாஸ்டர் சாக்குக்கட்டி டப்பாவைத் திறந்து மேசையில் வைத்தார். முதலாளி மாத்திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அந்தக் கொஞ்சத்தை மாஸ்டர் இன்றும் மறக்கவில்லை. வீட்டுக்குப் போ, சொல்லி அனுப்புகிறேன் என்றார் முதலாளி.

வீட்டில் மனைவியோடு பேச்சு இல்லை. பிறகு ஒருநாள் அவரே கேட்டார். "அவங்ககிட்ட ஏன் சொன்ன?"

"பேரு போட மாட்டோம்னாங்க. நானும் யார்கிட்டங்க சொல்றது? எத்தனை நாளைக்கு நான் ஒருத்தியே பாத்துக்கிட்டு இருக்கிறது?"

 அடுத்தமுறை ஆஸ்பத்திரிக்கு மனைவியையும் கூட்டிப்போய், டாக்டரிடம் உண்மையான வேலையைச் சொன்னார். டாக்டர் திட்டியதை இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கொண்டார்கள். நர்சக்கா முதலாளியிடம் நடையாய் நடந்தார். நீராவியும் போய், "மாஸ்டர் கோடு போட்டா போதும் முதலாளி, கத்தியை வேற எவனாவது ஓட்டட்டும். கம்பெனியைக் கொளுத்தப் பாத்தவன் நான், என்னையே வச்சிருக்கீங்க" என்றாராம்.

இப்போது மாஸ்டர் அதே கம்பெனியில் இருக்கிறார். கத்தியைத் தொடுவதில்லை, அடுக்கின் மேல் அளவுக்கோடு போடுகிறார், கத்தியை வேறொருவர் ஓட்டுகிறார். சம்பளம் குறைந்துவிட்டது. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு டம்ளரை யாரோ தனியாக வைத்தார்கள், அது இன்னும் அங்கேயே இருக்கிறது. படம் வேறு தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த வார்த்தையை எடுத்துவிடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். ஆனால் அந்தப் படத்தின் மீதியை அவர் பார்க்கவில்லை. பயம் போகவில்லை என்கிறார். எப்போதாவது கோடு போடும் கை நின்று, "துணி கருகுதா?" என்று கேட்கிறார். நீராவி பெட்டியை நிமிர்த்தி வைத்து, மெத்தையை முகர்ந்து பார்த்து, ஆமா என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தையில் சொல்கிறார். இல்லை என்றால் ஒரு துணி மூட்டையைத் தரையில் போட்டுவிட்டு, மாஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.