சிவப்புத் திரைக்காரரும் என் தங்கச்சியும்

நோர்வேக்காரர்கள் முகம் கோணாமல் கதவை மூடுவார்கள். பொருள் விற்க வந்த இளைஞன் வாயைத் திறந்ததுமே பக்கத்து வீட்டு இங்க்ரிட் சிரித்தபடி "நை தக்" என்றார். வேண்டாம், நன்றி என்று அர்த்தம். கதவு சாத்தியாயிற்று. "பாவமில்லையா?" என்று கேட்டேன். அவன் ஏழை என்று நான் சொல்வதாக நினைத்து, "இல்லையில்லை, நல்ல சம்பளம் கிடைக்கும்" என்றார். இலங்கையில் எங்கள் கனமூலைக் கிராமத்து வீட்டிலோ மெத்தை விற்க வந்தவர் தேத்தண்ணி குடித்து, மழை விடும்வரை கதைத்திருந்து, அதே மெத்தையோடு திரும்பிப் போனார். கதைக்கிறவரை இடையில் வெட்ட எங்களுக்கு மனம் வராது.

அந்த மரியாதை போன மாதம் என் தங்கச்சி றிஸானாவின் பிழைப்பில் கைவைக்கப் பார்த்தது. அவள் அந்த வீட்டு முன்னறையில் பெண்களுக்கு உடுப்புத் தைக்கிறாள். பெருநாள் நெருங்கிய நேரம். வாங்கிய ஓடர்களின் அளவு, டிசைன் எல்லாம் மடிகணினிக்குள். வீடியோவில் அழைத்தாள். வீட்டில் தனியாக இருப்பவள் தலையில் முக்காடு.

"ஆரும் வந்திருக்காங்களா?"

"ஓம் நானா. கம்பியூட்டருக்குள்ள ஒரு ஆம்பிள கதைக்கிறார்."

சட்டைக் கைக்கு டிசைன் தேடப் போன இடத்தில் திரை முழுக்கச் சிவப்பு. வைரஸ் புகுந்துவிட்டது, மூடினால் எல்லாம் அழியும், உடனே புதுப் பிரவுசரை இறக்குங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு பதிவுக் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. மூடச் சொன்னேன்.

"அவர் கதைச்சி முடியட்டுமே!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்ததைக் கேட்டதும் அது நின்றது.

"அவர் சொன்னத இறக்கிட்டேன். இன்னும் திறக்கல்ல."

"தொடாத!" என்று கத்தினேன். உண்மையான எச்சரிக்கை இப்படி ஒப்பாரி வைக்காது, மணிக்கூடு காட்டி விரட்டாது, எதையும் இறக்கச் சொல்லாது. மோசமான பக்கமென்றால் பிரவுசர் நாம் நுழையுமுன்பே மறித்து, திரும்பிப் போகச் சொல்லும். புதுப்பிப்பு வேண்டுமானால் அதன் செட்டிங்ஸுக்குள் நாமே போய்ப் பார்க்கலாம். இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி, எஸ்கேப் பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். சிவப்பு சுருங்கி, மறைந்திருந்த பெருக்கல் குறி மூலையில் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு அமத்தினாள். பிறகு இறக்கியதைத் திறக்காமலே அழித்து, கணினியின் பாதுகாப்புச் சோதனையை ஓடவிட்டோம். ஒன்றுமில்லை என்று வந்தது. அளவுகள் அப்படியே இருந்தன.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று முகம் துடைத்தவள், "பாவம், கதைக்கக் கதைக்க மூடிட்டோம்" என்றாள்.

பிறகு அவளே, "சரி நானா, போன வைங்க" என்றாள்.

"நீ வை."

"நீங்கதானே மூத்தவர், நீங்க வைங்க."

அந்தக் குரலை வெட்டச் சொல்லிக் கத்திய எனக்கு இவளின் அழைப்பை வெட்ட விரல் எழவில்லை. அவளும் போனைத் துணிக்குவியலில் சாய்த்துவிட்டுத் தைக்கத் தொடங்கினாள். வெளியே பனி கொட்டியது. நான் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தபடி, கனமூலையில் ஒரு சட்டைக்குக் கை பொருத்தி முடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.