குடியை விட்டதற்கு வந்த கெட்ட பேர்

பெரியப்பா ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முட்டி டெஸ்க்கில் இடித்ததால் கால்களைப் பக்கவாட்டில் நீட்டி, டீ டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். ஒரு கையால் பிடித்தால் சிந்தும். கணபதிப் பகுதியில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்தவர். பம்புக்கு ஷாஃப்ட் கடைவதில் மயிரிழை பிசகாதவர் என்று பெயர் வாங்கியவர். தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது.

அங்கே போய்ச் சேர்ந்ததே பெரும்பாடு. "பேப்பர் ஆபீஸ்ல இருக்கறயே கண்ணு, இதுக்கொரு வழி கேட்டுச் சொல்லு" என்று பெரியம்மா சொல்லியிருந்தார். நான் அப்போது ஒரு நாளிதழில் நிருபர். எந்தக் கொலைக்கும் மத்தியானத்துக்குள் விவரம் வாங்கிவிடுகிற எனக்கு, குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடும் இடம் தெரிய ஒரு மாதம் பிடித்தது. டாக்டர் தூக்க மாத்திரை எழுதினார். உறவினர்கள் மலைக்கு மாலை போடச் சொன்னார்கள். பெரியப்பா ஆண்டுதோறும் போடுபவர்தான்; மாலையைக் கழற்றிய அன்றே தொடங்கிவிடுவார். கடைசியில் ஒரு நர்ஸ், பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னார். பிராந்திக் கடைக்கு மெயின் ரோட்டில் விளக்குப் போட்ட போர்டு இருந்தது. இதற்கு ஓர் அட்டைகூட இல்லை. வாட்ச்மேன்தான் கை காட்டினார்: "டீ குடிச்சுப்போட்டுக் கை தட்டுவாங்களே, அவிங்களா? கடேசி ரூமுங்க."

அங்கே பெயரை மட்டும் சொன்னால் போதும்; ஊர், உறவு எதையும் கேட்கக் கூடாது என்பது விதி. எங்கள் ஊர்களிலோ, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு ஊரும் வீடும் கேட்காமல் இருப்பது மரியாதைக் குறைவு. கேட்டவருக்குச் சொல்லாமல் இருப்பது அதைவிடப் பெரிய குறைவு. பக்கத்து பெஞ்சுக்காரர் முறுக்கை நீட்டிக்கொண்டே, "ஏனுங்க, எந்த ஊருங்க?" என்றார். அன்னூர்ப் பக்கம் என்றார் பெரியப்பா. "அன்னூர்ல யாரு ஊடுங்க?" கூட்டத்தை நடத்துபவர் தொண்டையைச் செருமினார். அதற்குள் பெரியப்பா பாட்டன் பெயர்வரை சொல்லி முடித்திருந்தார்.

அந்த மழைக்காலம் முழுக்க அவர் ஞாயிறு தவறவில்லை, குடிக்கவும் இல்லை. கை நடுக்கம் நின்றது. பட்டறை ஆட்களைத் திட்டுவதற்கு முன்னால் இப்போது காரணம் யோசிக்கிறார் என்று சொல்லிப் பெரியம்மா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

அப்போதுதான் அவர்கள் மகளுக்கு, எனக்குத் தங்கை முறை, கோபிசெட்டிபாளையத்தில் வரன் அமைந்தது. உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்ய நாள் குறித்த பிறகு தரகர் வந்தார். மாப்பிள்ளை வீட்டில் சங்கடப்படுகிறார்களாம். பெண்ணின் அப்பா குடிகாரர் கூட்டத்துக்குப் போவதாகக் காதுக்கு எட்டியதாம். பக்கத்து பெஞ்சுக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம்ம அன்னூர்க்காரர் தேறிவிட்டார், அங்கேதான் பார்க்கிறேன் என்று ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளையின் அப்பா தினமும் சாயங்காலம் தோட்டத்தில் பாட்டில் திறப்பவர் என்பது ஊருக்கே தெரியும். அதைச் சொன்னேன். தரகர் பொறுமையாக விளக்கினார்.

"குடிக்கறது ஆம்பளைங்க எல்லாருஞ் செய்யறதுதானுங்க தம்பி. கூட்டத்துக்குப் போற அளவுக்குன்னா முத்திப்போச்சுன்னுதானுங்களே அர்த்தம்?"

எத்தனையோ வருடம் பெரியப்பா குடித்து விழுந்தபோது அந்தக் குடும்பத்தின் பேருக்கு ஒரு குறையும் வரவில்லை. தூக்கிக்கொண்டுவந்து வாசலில் போட்டவர்களே, மனுசன் தங்கம் என்றார்கள். நிறுத்திய பிறகுதான் குடிகாரர் ஆனார். உறவில் பெரியவர்கள் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள்: இனி அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகக் கூடாது, சம்பந்தி வீட்டு விருந்தில் எல்லாரோடும் உட்கார வேண்டும். ஒதுங்கி நின்றால் சந்தேகம் உறுதியாகிவிடுமாம். பெண்ணின் வாழ்க்கை என்றார்கள். பெண்ணை யாரும் கேட்கவில்லை.

கோபியில் மாப்பிள்ளை வீட்டுத் தோட்டத்தில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. சம்பந்தி தன் கையாலேயே ஊற்றினார். "ஒரு மடக்குங்க சம்பந்தி. நம்மளுக்குள்ள என்னங்க." பெரியப்பா டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். பேச்சு நின்றது. யாரும் வற்புறுத்தவில்லை. எங்கள் ஆட்கள் வற்புறுத்த மாட்டார்கள், மரியாதையாகக் காத்திருப்பார்கள். அவர் எடுத்துக் குடித்தார். எல்லாரும் சிரித்தார்கள். "பாத்தீங்களா, நம்மாளு" என்றார் தரகர்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. பெரியப்பா அதன்பிறகு நிறுத்தவே இல்லை. மறுபடி கூட்டிப் போகிறேன் என்றேன். "அவ அங்க பொழைக்கோணுமல்ல" என்று மட்டும் சொன்னார். இன்று எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் குடிக்கிறவர்களுக்கென்றே அறை போட்டு, ஏசியும் ஆளும் வைக்கிறார்கள். குடியை விட்டவர் இன்றும் வயிற்றுப்புண் என்று பொய் சொல்லித்தான் அந்த அறையிலிருந்து தப்பிக்க வேண்டியிருக்கிறது.

தொண்ணூறுகள் முடிவதற்குள் கல்லீரல் கெட்டுப் பெரியப்பா இறந்தார். சாவு வீட்டுப் பந்தலில் சம்பந்தி உட்கார்ந்து, வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "தங்கமான மனுசனுங்க. குடிதான் கெடுத்துப்போட்டுது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்கியாச்சும் கூட்டீட்டுப் போயிருப்பமுங்க."

தங்கை தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில் நின்றிருந்தாள். மாமனார் முன்னால் ஒருநாளும் குரல் உயர்த்தாதவள். அன்றும் உயர்த்தவில்லை.

"போயிட்டுத்தானுங்க மாமா இருந்தாங்க. நீங்கதானுங்க நிறுத்துனீங்க."