ஆற்றுக்கு அங்கால் யாருடைய ஆட்சி

“அந்த இடத்துக்கும் ஒரு கெமைண்டே இருக்கும்தானே?” என்று அம்மா கேட்டார்.

நாங்கள் இருக்கிற சுவிஸ் நகரமான ஓல்டனில் வீடு மாறினால் உடனே ஊராட்சி அலுவலகத்துக்கு ஓடிப் பதிய வேண்டும். அந்த அலுவலகத்தைத்தான் கெமைண்டே என்கிறோம். எங்கேயும் பதியாமல் ஒரு மனிதர் இருக்க முடியும் என்பது அம்மாவுக்கு விளங்கவேயில்லை. “ஆளைப் பதிஞ்சிருப்பினம். நீ அவையளுக்கு ஒரு மெயில் போடு.”

பேச்சு மாமாவைப் பற்றியது. அம்மாவின் கடைசித் தம்பி. எனக்குக் கொஞ்ச வயதுதான் மூத்தவர். பாங்கொக்கில் கணினி வேலை என்று யாழ்ப்பாணத்திலிருந்து போனார். விமான நிலையத்தில் ஒரு வாகனத்தில் ஏற்றி, நாள் முழுக்க ஓடி, ஓர் ஆற்றைக் கடத்தி, உயர்ந்த மதிலுக்குள் இறக்கிவிட்டார்கள். அங்கே ஒரு பெண்ணின் பெயரில் முன்பின் தெரியாதவர்களுக்குக் காதல் செய்தி எழுதி ஏமாற்றுவதுதான் வேலை. மறுத்தால் அடி. ஒளித்து எடுத்த அழைப்பில் இவ்வளவையும் சொன்ன அவருக்கு, தான் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியவில்லை.

நான் ஃப்ரிபூர்க்கில் அரசறிவியல் படிக்கிறேன். பாங்கொக்கிலிருந்து ஒரு நாள் ஓடி ஆற்றைக் கடந்தால் அது பர்மாவாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. போகிற ரயிலிலும் வருகிற ரயிலிலும் அதன் வரலாற்றையே வாசித்தேன். உலகத்துக்கே அரிசி விற்ற நாடு. விடுதலை கிடைத்த கையோடு உள்நாட்டுப் போர். பிறகு ஒரு தளபதி வந்து கடை, ஆலை, வங்கி எல்லாவற்றையும் அரசுடைமையாக்கினார். அங்கிருந்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். இடையில் கொஞ்சம் தேர்தல், திரும்பவும் ராணுவம். இதற்குள் எங்கேயோ மாமாவை வெளியே எடுக்கிற வழி இருக்கும் என்று நம்பித்தான் வாசித்தேன். வேறு என்னதான் செய்வது?

இரண்டாவது முறை மாமா எடுத்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அம்மா சோற்றுக் கையோடு ஓடிவந்தார்.

“என்ன புரொபசர், கண்டுபிடிச்சிட்டியோ?” கிசுகிசுப்பிலும் நக்கல்.

“கெதியாச் சொல்லுங்கோ மாமா. கன்ரீனில என்ன காசு?”

“தாய்லாந்துக் காசு.”

“மணிக்கூடு?”

“அது பெரிய கூத்து. எங்களுக்குச் சீனா நேரம். வாசல்ல துவக்கோட நிக்கிறவங்கட மணிக்கூடு ஒண்டரை மணித்தியாலம் பிந்தி.”

தாய்லாந்து என்றால் ஒரு மணித்தியாலம்தான் பிந்தும். ஒன்றரை என்றால் பர்மா. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேசையில் ஓங்கித் தட்டினேன். “பர்மா மாமா! பர்மாவேதான்!”

“சரி, பர்மா. இனி?”

வாசலில் நிற்பவர்களின் சட்டையில் என்ன சின்னம் என்று கேட்டேன். சொன்னார். அதுவும் எனக்குத் தெரிந்திருந்தது. ராணுவத்தோடு சண்டை பிடித்து, பிறகு அதே ராணுவத்துக்கு எல்லை காத்து, பிறகு பெயரையும் மாற்றிக்கொண்ட கூட்டம்.

“அவங்கள் பொலிஸ் மாதிரித்தான் நிக்கிறாங்கள். நேரம் பாத்து அவங்களிட்டைச் சொல்லட்டோ? இந்த நாட்டுக்காரர்தானே.”

“ஐயோ வேண்டாம் மாமா! அந்த நிலமே அவங்கட. உங்களை வச்சிருக்கிறவங்களிட்டை வாடகை வாங்கிறதே அவங்கள்தான்.”

“அப்ப ஆமி?”

“ஆமி அந்தப் பக்கம் வராது. வந்தாலும் உங்களுக்காக வராது.”

“அரசாங்கம் எண்டு ஒண்டு இருக்கும்தானேயடி?”

“அந்த இடத்தில அரசாங்கமும் அவங்கள்தான் மாமா.”

“நல்ல வடிவாப் படிச்சிருக்கிறாய்,” என்றார் மாமா.

அம்மா போனைப் பறித்து, “தம்பி, சாப்பிட்டியோடா?” என்று கேட்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு அழைப்பே இல்லை. ஒரு தூதரகத்துக்கு எழுதினால் இன்னொரு தூதரகத்தைக் காட்டினார்கள்.

அம்மா வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் லீவு சொல்லிவிட்டு, மாமாவின் பாஸ்போர்ட் பிரதியோடு என்னைக் கெமைண்டேக்கு இழுத்துப் போனார். “எங்கட விலாசத்தில பதியச் சொல்லு. எங்கயாவது ஒரு இடத்தில பேர் இருந்தாத்தானே, ஆளைக் காணேல்லை எண்டு தேடுவினம்.” நான் மறுக்கவில்லை. என்ன சொல்லி மறுப்பது?

கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் பொறுமையாகக் கேட்டார். இந்த நாட்டுக்கு வராதவரைப் பதிய முடியாது என்றார். பிறகு, இப்போது அவர் எந்த ஊரில் பதிவாகியிருக்கிறார் என்று கேட்டார்.

மொழிபெயர்த்தேன். அம்மா என்னையே பார்த்தார். “நீதானே எல்லாம் வாசிச்சனி. சொல்லன்.”

நான் ஜெர்மன் மொழியில் சொல்லத் தொடங்கினேன், பர்மாவுக்கு விடுதலை கிடைத்த நாளிலிருந்து. அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.